தோற்றவர் கேட்கலாம்

ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் இரண்டாம் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, காலியாக இருந்தது. வருடம் முடிவதற்குள் யாரும் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். சிங்கப்பூரில் கிராணியாக இருந்த பேரின்பநாயகத்துக்கு அந்த வேலை வேண்டும். அவன் மனைவி குணமணி ஈப்போவில்தான் இருந்தாள், ரயில்வேயில் வேலை பார்க்கும் தன் அண்ணன் வீட்டில். பிள்ளை பிறந்து தவழவும் தொடங்கிவிட்டது. லீவு கிடைக்காததால் தகப்பன் இன்னும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. தைக்குள் வராவிட்டால் தங்கச்சியைக் கப்பலேற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப் போவதாக மைத்துனன் சொல்லியனுப்பியிருந்தான். கோபத்தில் சொன்னதல்ல. வீட்டில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

போவதற்கு என்ன தடை என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். முன்பெல்லாம் தீவின் வடகரை உட்லண்ட்ஸில் இறங்கிப் படகேற வேண்டும். இப்போது ஜொகூர்வரை கடலில் கல்லைக் கொட்டிப் பாதை போட்டாயிற்று. டேங்க் ரோடு நிலையத்தில் ஏறி உட்கார்ந்தால் ரயில் தண்ணீரைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். தீவு இனித் தீவே இல்லை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். பேரின்பநாயகம் மட்டும் ரங்கூன் ரோட்டில் ஒரு பங்களாவின் பின்னறையில் கிடந்தான்.

பங்களா அவன் அலுவலகத்துத் தலைமைக் கிராணி அம்பலவாணருடையது. அவனை விடுவதில் தனக்கு மறுப்பில்லை என்று அவர் துரையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாளே ரயிலேறலாம். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் சொல்லவில்லை.

அம்பலவாணர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை பிடிக்கலாம், மேலே முறையிடலாம். அவரோ தன் சமையல்காரனிடம் சொல்லி இவனுக்குப் பிட்டும் முட்டைப் பொரியலும் அனுப்பிவைப்பார். காய்ச்சல் வந்தால் மல்லித் தண்ணீர் கொண்டுவந்து தலைமாட்டில் வைப்பார். மனைவி காலமாகி, மகள்மாரையும் கட்டிக்கொடுத்துவிட்ட பிறகு அவருக்கு மிஞ்சியது அலுவலகமும் வீட்டின் பின்னால் இருந்த ஆர்க்கிட் கொட்டகையும்தான்.

அந்தக் கொட்டகையில் கை வைத்தது பேரின்பநாயகத்தின் முதல் பிழை. சிங்கப்பூருக்கு வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பின்னறை ஜன்னலைத் திறந்தால் கொட்டகை. கூரையில் பலகைச் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்திருந்தார்கள். வெயில் கோடு கோடாக உள்ளே விழும். ஊறிப்போன தேங்காய் மட்டையில் செடிகள் வேரழுகிக் கிடந்தன. சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் ஒருநாள் மட்டையை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, கரியும் உடைந்த செங்கல்லும் போட்டான். பஃபலோ ரோட்டு மாட்டுக் கொட்டிலில் சாணம் வாங்கி, தேநீர் நிறத்துக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கித் தெளித்தான். அடுத்த பருவத்தில் ஒன்று பாக்கியில்லாமல் பூத்தன. அம்பலவாணர் அவன் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புது மாடு வாங்கியவன் பல்லைப் பார்ப்பதுபோல் இருந்தது அது. அவனுக்கு அன்றைக்கு அது புரியவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு மணிலாவிலிருந்து கப்பலில் ஒரு வாண்டா ஆர்க்கிட் வந்தது. தடித்த ஒற்றைத் தண்டு, இருபக்கமும் வார்போன்ற இலை. வந்து நாலாவது வருடமாகியும் பூக்கவில்லை. எல்லாரும் அதை மணிலாக்காரி என்றார்கள்.

"ஐயா, அந்த ஈப்போ விசயம்..." என்று அவன் தொடங்குவான்.

"ஓம் ஓம், ஞாபகம் கிடக்கு. மணிலாக்காரி ஒருக்காப் பூக்கட்டும் தம்பி, பிறகு பாப்பம்."

"பூத்தால் விடுவியளோ ஐயா?"

"பூத்த பிறகு அதை ஆர் பாக்கிறது எண்டு யோசிக்கவேணுமெல்லே?"

பூக்காவிட்டால் போக முடியாது. பூத்தாலும் போக முடியாது. அவன் அதை எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் கதவு இல்லை. செடியைக் கொன்றுவிட்டால் என்ன என்றும் யோசித்திருக்கிறான். பெரிய வேலையே இல்லை. உச்சிக் குருத்துக்குள் ஒரு கை தண்ணீர் இரவெல்லாம் நின்றால் குருத்து கறுத்து அழுகிவிடும். ஆனால் செத்த செடிக்குப் பிறகு அம்பலவாணர் இன்னொரு செடியை வரவழைப்பார், அதற்கும் இவன்தான் காவல்.

வழி கிடைத்தது ஒரு சாய்வுநாற்காலியால்.

வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, அம்பலவாணர் வீட்டுக் கூடத்தில் பூப்பார்வை நடக்கும். மூன்று பேர் பூவோடு வருவார்கள். அம்பலவாணர், கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அம்பிகைபாகன், பள்ளிக்கூட வாத்தியார் பரமசிவம். எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல சிராங்கூன் ரோட்டுத் தையல்காரர் முகம்மது யூசுப். அவருக்குச் செடியும் இல்லை, கொடியும் இல்லை, அதனால்தான் அவர். இந்தக் கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. வென்றவரிடம் தோற்றவர் ஒன்று கேட்கலாம். வென்றவர் இல்லை என்று சொல்லக்கூடாது. வென்ற செடி ஒரே வீட்டில் முடங்காமல் எல்லாரிடமும் பரவட்டும் என்று போட்ட விதி. ஆகையால் வழக்கமாக ஒரு தண்டு கேட்பார்கள், ஒரு பக்கக்கன்று கேட்பார்கள்.

பரமசிவம் மட்டும் ஒருமுறை அம்பலவாணரின் பர்மாத் தேக்குச் சாய்வுநாற்காலியைக் கேட்டுவிட்டார். விதியில் 'ஒன்று' என்றுதான் இருக்கிறது, செடி என்று இல்லையே என்றார். அம்பலவாணர் முகம் கறுத்தது. ஆனாலும் கொடுத்தார். ரிக்‌ஷாவில் நாற்காலி போவதை வாசலில் நின்று பார்த்தார். சபையில் சொன்ன சொல்லை மீறினார் என்று யாரும் தன்னைச் சொல்லிவிடக்கூடாது, அதுதான் அவருக்கு உயிர்.

இந்த வருடம் மணிலாக்காரி பூங்காம்பு விட்டதும் பேரின்பநாயகத்துக்கு அந்த நாற்காலி ஞாபகம் வந்தது. அன்று மாலையே செலிகி ரோட்டில் அம்பிகைபாகன் வீட்டுக்குப் போனான். அவர் பனியனோடு உட்கார்ந்து தன் வெள்ளை நிலா ஆர்க்கிட்டின் இலையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்த முறை நீங்கள் தோத்தால் தண்டு கேக்காதையுங்கோ."

"என்ன காணும், வந்து வாசல்லை நிண்டுகொண்டு நான் தோக்கவேணும் எண்டுறீர்?"

"தோத்தால் எண்டுதான் ஐயா சொல்லுறன். தோத்தால் என்னைக் கேளுங்கோ. இவனை ஈப்போவுக்கு விடும் எண்டு சபையில கேளுங்கோ. அவர் மறுக்கமாட்டார்."

அம்பிகைபாகன் துணியைக் கீழே வைத்தார். கோர்ட்டில் நாள் முழுக்கப் பிறர் பேச்சை எடுத்துச் சொல்கிற மனிதர். ஒருவன் தனக்காக ஒரு வார்த்தை பேசச் சொல்லி வருவது அவருக்குப் பிடித்திருந்தது. குணமணியைப் பற்றி விசாரித்தார். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார்.

"என்னட்டைச் செடி வைக்க இடமில்லாமல் கிடக்கு. இன்னொரு தண்டு எனக்கென்னத்துக்கு? கேக்கிறன், போம். ஆனால் ஒண்டு. தோக்கிறதுக்காக நான் என்ரை பூவைப் பழுதாக்கமாட்டன். நீர்தான் வெல்லவேணும்."

"வெல்லுவன் ஐயா."

ஆக, தன் விடுதலைக்காக அவன் தன் காவல்காரரை வெல்லவைக்க வேண்டும். அதில் உள்ள கோணல் அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கதவு என்று கண்ணில் பட்டது அது ஒன்றுதான்.

பூங்காம்பு நீண்டது. மொட்டுகள் கட்டத் தொடங்கின. பேரின்பநாயகம் அலுவலகம் விட்டு டிராமில் வந்து இறங்கியதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போவான். வெயில் நகர நகரச் செடியைத் தொங்கவிட்ட கொக்கியை மாற்றுவான், காம்பு ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க. எறும்பு ஏறாமல் கம்பியில் எண்ணெய்த் துணி சுற்றினான். மொட்டுகள் அவன் எதிர்பார்த்ததைவிட அதிகம். இத்தனையும் விரிந்தால் என்ன ஆகும் என்று ஒருநாள் நின்று பார்த்தான். அம்பிகைபாகனின் நிலாப்பூவை வெல்ல இதில் பாதி போதும். நுனியில் உள்ளவற்றைக் கிள்ளிவிட்டால் ஒரு நல்ல, சாதாரணமான வெற்றி. விரலைக் கொண்டுபோய் நுனி மொட்டின்மேல் வைத்தான். அது பச்சையாக, இறுக்கமாக, குளிர்ந்து இருந்தது.

கிள்ளவில்லை. வெற்றி உறுதியாகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது பொய். முழுக்க விரிந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க அவனுக்கு ஆசையாக இருந்தது. இந்த ஊருக்கு வந்த பிறகு அவன் கையால் ஆனது என்று சொல்ல வேறு எதுவும் இல்லை.

பூப்பார்வை அன்று காலை அம்பிகைபாகனின் நிலா ஆர்க்கிட் ரிக்‌ஷாவில் உட்கார்ந்து வந்தது. அவர் பக்கத்தில் நடந்தபடி அதற்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். பரமசிவம் வழக்கம்போல் புறா ஆர்க்கிட் ஒன்றை மாமரக் கட்டையோடு தூக்கிக்கொண்டு வந்தார். இலை மட்டும்தான் இருந்தது. அந்தச் செடி மழைக்குப் பிறகு ஊர் முழுக்க ஒரே நாளில் பூத்து மாலைக்குள் வாடிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூக்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. நாற்காலி கேட்ட வருடம் மட்டும் தப்பித் தவறி ஞாயிறன்று பூத்திருந்தது.

"வாத்தியார், இந்த முறையும் இலைதானா?" என்றார் யூசுப், கழுத்தில் தொங்கிய அளவுநாடாவைச் சரிசெய்தபடி.

"வியாழக்கிழமை வந்திருந்தால் பாத்திருப்பீர். தெருவெல்லாம் மணம்."

"வியாழக்கிழமை எங்க கடைப் பின்னால சாக்கடை மரத்துலயும்தான் பூத்துச்சு. அதுக்கு நான் பரிசு குடுக்கலியே."

"பூ இல்லாட்டி நீர் தோக்கவும் ஏலாது காணும்," என்றார் அம்பலவாணர். "தோக்கிறதுக்கும் ஒரு பூ வேணும். என்ரை மிச்சக் கதிரையள் தப்பிச்சுது."

போன நாற்காலியை நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். பேரின்பநாயகம் தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டு அம்பிகைபாகனைப் பார்த்தான். அவர் கண்ணால் 'சரி' என்றார்.

முதலில் நிலாப்பூ. வளைந்த காம்பில் வெள்ளை வெள்ளையாக, வண்ணத்துப்பூச்சிகள் வரிசையில் உட்கார்ந்ததுபோல. யூசுப் குனிந்து பார்த்தார். விரல் நுனியால் காற்றில் அளந்தார். "நல்ல மல்துணி மாதிரி இருக்குங்க. ஒரு சுருக்கம் இல்ல," என்றார். அம்பிகைபாகன் தலையைச் சற்றே நிமிர்த்தினார்.

பிறகு அம்பலவாணர் தலையசைத்தார். பேரின்பநாயகம் கொட்டகைக்குப் போய் மணிலாக்காரியை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்து கூடத்து நடுவில் கொக்கியில் மாட்டினான். மேலே போர்த்தியிருந்த ஈர மஸ்லினை எடுத்தான்.

ஒவ்வொரு பூவும் உள்ளங்கை அகலம். மேலிதழ் இளஞ்சிவப்பு. கீழிதழ் மஞ்சளும் பழுப்பும், அதன்மேல் சிவப்பு நரம்புகள் வலைபோல ஓடின. காம்பின் அடியிலிருந்து நுனிவரை ஒரு மொட்டு மிச்சமில்லாமல் விரிந்திருந்தது. எந்தப் பூவும் இன்னொன்றை மறைக்கவில்லை. எல்லாம் முகம் காட்டி நின்றன.

யூசுப் அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார். பிறகு அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இதுக்கு அளவு எதுக்குங்க. போதும்லா. தீர்ப்பு உங்களுக்கே தெரியும்."

அம்பலவாணருக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கைச் சிந்தினார். "சரி அம்பிகைபாகன், முறை முறைதான். தோத்தவர் கேக்கலாம். என்ன வேணும், கேளும்."

பேரின்பநாயகம் சுவரோடு சாய்ந்தான். அடுத்த வார்த்தையில் அவன் ரயிலில் இருப்பான். குணமணி கதவைத் திறப்பாள். பிள்ளை யாரோ என்று பயந்து அழும், அதுவும் பரவாயில்லை.

அம்பிகைபாகன் எழுந்து செடிக்குக் கிட்டப் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி நடந்தார். ஒரு பூவின் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். யூசுப் இருமினார். பரமசிவம் தேநீரை உறிஞ்சினார்.

"அம்பலவாணர்," என்றார் அம்பிகைபாகன், திரும்பாமலே. "எனக்கு இதிலை ஒரு துண்டு தாரும்."

பேரின்பநாயகம் முதலில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தான். இன்னும் ஏதோ சொல்லப் போகிறார், இது வேடிக்கை, இதற்குப் பிறகுதான் விஷயம் என்று காத்திருந்தான்.

அம்பலவாணரின் முகத்தில் இருந்த மகிழ்ச்சி வடிந்துபோயிற்று. "இதுக்குப் பக்கக்கன்று இல்லையே காணும். தண்டை ரெண்டாய் வெட்டவேணும். ரெண்டும் தப்பினால்தான் உண்டு."

"முறை எண்டு நீரெல்லே சொன்னீர்."

"சொன்னன்." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "தம்பி, கத்தியைக் கொண்டுவாரும்."

பேரின்பநாயகம் அசையவில்லை. அவன் வாய் தானாகத் திறந்தது.

"ஐயா, நான் ஒண்டு கேக்கலாமோ?"

எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்பலவாணர் சற்று நேரம் புரியாமல் பார்த்துவிட்டுச் சிரித்தார். அன்பான சிரிப்பு.

"நீர் எப்பிடிக் கேக்கிறது? தோத்தவரெல்லே கேக்கவேணும். நீரெல்லோ வெண்டது!"

பரமசிவம் தொடையைத் தட்டிச் சிரித்தார். யூசுப்பும் சிரித்தார். அம்பிகைபாகன் மட்டும் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவன் போய்க் கத்தியை எடுத்து வந்தான். விளக்கைக் கொளுத்திச் சுடரில் அலகைக் காட்டினான். தண்டில் வேர் எங்கே விட்டிருக்கிறது என்று தடவிப் பார்த்து, மேல் துண்டோடு நல்ல வேர்கள் சேர்ந்து வருமாறு இடம் பிடித்து, ஒரே இழுப்பில் வெட்டினான். இரண்டு வாயிலும் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவினான். மேல் துண்டு பூவோடு அம்பிகைபாகனுக்கு. இலையில்லாத அடிக்கட்டை அம்பலவாணருக்கு.

"இதை இப்ப கொண்டுபோனால் செத்துப்போம்," என்றார் அம்பலவாணர். "புண் காயுமட்டும் இஞ்சை தொங்கட்டும். பிறகும் நீர் தனிய வளக்கமாட்டீர், எனக்குத் தெரியும்."

"தம்பி வந்து பாப்பார்தானே?"

"பாப்பார், பாப்பார். ஞாயிறு காலமை என்ரை கட்டை, பின்னேரம் உம்மட துண்டு. துளிர்க்க ஒரு வருசம் செல்லும், ரெண்டு வருசமும் செல்லும். ஏன் தம்பி, சரிதானே?"

"ஓம் ஐயா," என்றான் பேரின்பநாயகம்.

அம்பிகைபாகனின் நிலா ஆர்க்கிட்டை ரிக்‌ஷாவில் ஏற்ற அவன்தான் வாசல்வரை தூக்கிக்கொண்டு போனான். செடியை இருக்கையில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். அம்பிகைபாகன் குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார்.

"உம்மைக் கேக்கத்தான் எழும்பினனான். சத்தியமாய்."

அவன் குனிந்து செடியைச் சாயாமல் நிமிர்த்தி வைத்தான்.

"நீர் அந்தப் பூவை அவ்வளவு வடிவாய் வைச்சிருக்கக்கூடாது காணும்," என்றார். குற்றம் சாட்டுவதுபோல் இருந்தது குரல். "வாற வருசம் பாப்பம். வாற வருசம் நிச்சயம் கேக்கிறன்."

ரிக்‌ஷா நகர்ந்தது. வருகிற வருடம் ஈப்போவில் அந்த வேலையில் வேறு ஒருவன் இருப்பான் என்று அவரிடம் சொல்லிப் பயன் இல்லை. சொல்லியிருந்தும் இதுதான் நடந்திருக்கும். அந்தப் பூவுக்கு முன்னால் நின்றிருந்தால் தானும் அதையேதான் கேட்டிருப்பான் என்பது அவனுக்குத் தெரிந்தது. அதுதான் அவனுக்கு எரிந்தது.

மாலையில் வானம் இருண்டது. அம்பலவாணர் கோயிலுக்குப் போயிருந்தார். பேரின்பநாயகம் பின்னறையில் கட்டிலில் உட்கார்ந்து குணமணிக்கு என்ன எழுதுவது என்று யோசித்தான். பூத்தது என்று எழுதலாம். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மழை பிடித்தது. சாரல் இல்லை, கொட்டும் மழை. கொட்டகைச் சட்டங்களின் இடைவெளியில் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கியது. மணிலாக்காரியின் மேல் துண்டு கொக்கியில் ஆடியது. அதன் குருத்து நேரே ஓர் இடைவெளிக்குக் கீழே இருந்தது. தண்ணீர் அதற்குள் விழுந்துகொண்டிருந்தது.

அவன் ஜன்னலருகே நின்று பார்த்தான். காலைவரை அப்படியே இருந்தால் போதும். கறுத்துவிடும். பச்சைப் புண் வேறு. யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது, மழை பெய்தது. அம்பிகைபாகனுக்குத் துண்டும் இல்லை, அவனுக்கு ஞாயிறு பின்னேர வேலையும் இல்லை. அவன் ஜன்னலைச் சாத்தினான். கட்டிலில் போய்ப் படுத்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். மழை ஓட்டின்மேல் விழும் சத்தத்துக்குள்ளே, ஒரு குருத்துக்குள் தண்ணீர் நிரம்பும் சத்தம் தனியாகக் கேட்பதுபோல் இருந்தது. அப்படி ஒரு சத்தம் கிடையாது. அவனுக்குத் தெரியும்.

எழுந்தான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினான். செடியைக் கொக்கியிலிருந்து கழற்றித் தலைகீழாகச் சாய்த்து, குருத்துக்குள் நின்ற தண்ணீரை வடித்தான். துண்டின் முனையைத் திரித்து உள்ளே விட்டு, மிச்ச ஈரத்தையும் ஒற்றி எடுத்தான். பிறகு அதைத் தன் அறைக்குள் கொண்டுபோய், கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டினான். படுத்தால் பூ முகத்துக்கு நேரே தொங்கியது.

அடிக்கட்டை இன்னும் வெளியே நனைந்துகொண்டிருந்தது. அதையும் எடுத்து வரப் போனான்.